மேடைக்கு ஒரு கொக்கியும் பின்கதவும் வையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

நம் கிருஷ்ணகிரிப் பகுதியில் திருவிழா நாடகங்களுக்கு எல்.இ.டி. திரை வாடகைக்கு எடுக்கும் பழக்கம் பரவிவருவது பற்றித் தங்கள் நாளிதழில் சென்ற வாரம் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அதில் ஒரு விழாக்குழுப் பொறுப்பாளர், "இனிமேல் தந்திரக் காட்சிக்கு ஆள் தேட வேண்டியதில்லை, எல்லா மாயமும் திரையிலேயே வந்துவிடும்" என்று சொல்லியிருந்தார். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. நான் காவேரிப்பட்டணத்தில் இருந்துகொண்டு மேடை நாடகங்களுக்குத் தந்திரக் காட்சி அமைத்துக் கொடுப்பவள். சீன் படுதா வாடகைக்கு விட்டுவந்த அப்பாவிடம் தச்சு வேலையும் கப்பி கட்டுவதும் கற்றேன். பிறகு காட்சிகளை நானே வடிவமைத்து, நடிகர்களுக்கு ஒத்திகை கொடுத்து மேடையேற்றத் தொடங்கினேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

எனக்கு எல்.இ.டி. திரையோடு பகை இல்லை. கைலாயமும் பாற்கடலும் அதில் அழகாகத்தான் வருகின்றன. படுதா எழுதும் ஓவியர்கள் அருகிவிட்ட காலத்தில் பல குழுக்களுக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் திரையில் ஒரு மலை வெடித்தால், அது படம் என்று தெரிந்தேதான் எல்லோரும் பார்க்கிறார்கள். அதைவிடப் பெரிய மலைகள் அவரவர் கைப்பேசியிலேயே தினமும் வெடிக்கின்றன. கண்ணெதிரே வியர்வை வழிய வசனம் பேசிக்கொண்டிருந்த ஓர் ஆள் நின்ற இடத்திலேயே காணாமல் போனால், பாயில் படுத்திருந்தவரும் எழுந்து உட்காருவார். அதற்காகத்தான் மக்கள் வந்தார்கள். நவாப் ராஜமாணிக்கம் பிள்ளையின் தேவி பால வினோத சங்கீத சபாவுக்கும், ஆர்.எஸ்.மனோகரின் நேஷனல் தியேட்டர்ஸுக்கும் கூட்டம் அலைமோதியதற்குத் தந்திரக் காட்சிகளும் பெரிய காரணம். ஆந்திரத்தில் 1885-ல் தொடங்கிய சுரபி நாடகக் குடும்பங்கள், கடோத்கஜன் வாய்க்குள் லட்டுகள் தாமாகப் பறந்துபோகும் காட்சிக்கு இன்றைக்கும் கைதட்டல் வாங்குகிறார்கள்.

தந்திரக் காட்சி என்றால் ஒரு பெட்டி, ஒரு கண்ணாடி, கொஞ்சம் புகை என்று பலர் நினைக்கிறார்கள். பெட்டியைப் பணம் கொடுத்தால் வாங்கிவிடலாம். எதை எப்போது பார்க்க வேண்டும், எதைப் பார்க்கக் கூடாது என்று சபையின் கண்ணை நடத்திச் செல்வது பணத்துக்குக் கிடைக்காது. அது இயக்குநரின் வேலை.

இரணியன் நாடகத்தை எடுத்துக்கொள்கிறேன். எங்கள் பக்கத்தில் அதை அறியாத ஊர் குறைவு. தூண் பிளந்து நரசிம்மர் வருவதைப் பார்ப்பதற்காகவே பாட்டிமார்கள் விடிய விடியக் கண்விழித்திருப்பார்கள். அந்தத் தூணைச் செய்வது கடினமில்லை. ப்ளைவுட்டில் வளையம் வெட்டி, மேலே மூங்கில் பட்டை அடித்து, துணி ஒட்டி வர்ணம் பூச வேண்டும். நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு பிளவு, இருபுறமும் கீல், உட்புறம் ஒரு தாழ்ப்பாள். நல்ல தச்சர் ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுவார்.

என் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. மேடையில் ஒற்றைத் தூண் நின்றால் அது எதற்கென்று சின்னப் பிள்ளைக்கும் தெரிந்துவிடும். அதனால் ஒரே மாதிரி நான்கு தூண் நிறுத்துவேன். முதல் காட்சியிலேயே இரணியன் அவற்றில் பிளக்கப்போகும் தூணில் ஒரு கையை ஊன்றி நின்று தன் பெருமையைப் பேச வேண்டும். லீலாவதி அதில் பூச்சரம் சுற்ற வேண்டும். கட்டியங்காரன் அதில் முதுகைத் தேய்த்துக்கொண்டு சிரிப்பு மூட்ட வேண்டும். இப்படி நள்ளிரவுவரை பழகிப் பழகி அது வெறும் அரண்மனைத் தூணாகிவிடும். சபை அதை மறந்துவிடும். மறந்த பிறகுதான் அது எனக்குப் பயன்படும்.

கடைசிக் கட்டம் வருகிறது. "இந்தத் தூணில் இருக்கிறானா உன் நாராயணன்?" என்று கேட்டு இரணியன் கதாயுதத்தால் அடிக்கிறான். பெரும்பாலான குழுக்களில் அடித்த கையோடு வெடிச்சத்தம், புகை, தூண் பிளந்து நரசிம்மர் என்று எல்லாம் ஒன்றாக வரும். நான் அப்படிச் செய்வதில்லை. அடி விழுகிறது, தூண் அப்படியே நிற்கிறது. மத்தளமும் முகவீணையும் நின்றுவிடுகின்றன. இரணியன் சபையின் பக்கம் திரும்பி வாய்விட்டுச் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பு நீளமாக இருக்க வேண்டும். தாழ்ப்பாள் திறக்கும் ஓசையை அதுதான் மூடுகிறது. சபை அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பிரகலாதனாக நடிக்கும் பிள்ளை மட்டும் மெல்லத் தலையைத் தூக்கித் தூணைப் பார்க்க வேண்டும். கையை நீட்டவோ கத்தவோ கூடாது, பார்த்தால் போதும். ஒரு குழந்தை உற்றுப் பார்க்கும் இடத்தைப் பெரியவர்கள் பார்க்காமல் இருக்க மாட்டார்கள். சிரிப்புக்கு நடுவிலேயே சபையின் கண்கள் ஒவ்வொன்றாகத் தூணுக்கு வரும். இரணியன் கடைசியாகத் திரும்புவான். அப்போதுதான் தூண் பிளக்க வேண்டும். இந்த ஒரு நிமிடத்துக்காகப் பிரகலாதன் வேடப் பிள்ளையோடு நான் செலவிடும் நேரம், தூண் செய்யத் தச்சர் செலவிடும் நேரத்தைவிட அதிகம்.

இதைத் திரையில் செய்து காட்டுங்கள் என்று அந்த விழாக்குழுப் பொறுப்பாளரிடம் பணிவோடு கேட்கிறேன். திரையில் தூண் பிளக்கும். மேடையில் நிற்கும் பிள்ளை அதைத் திரும்பிப் பார்ப்பான். பார்த்தால் என்ன? பிளப்பது அவனுடைய உலகத்தில் இல்லையே.

மாயத்தின் பலம் கருவியில் இல்லை என்பதற்கு உலகறிந்த சான்று வங்காளத்து மாயவித்தைக்காரர் பி.சி.சர்க்கார். பெண்ணை இரண்டாக அறுக்கும் காட்சியை லண்டனில் பி.டி.செல்பிட் 1921-லேயே மேடையேற்றிவிட்டார். சர்க்கார் 1956-ல் பிபிசி தொலைக்காட்சியில் அதைச் செய்தபோது அந்த வித்தை முப்பத்தைந்து ஆண்டுப் பழசு. வட்ட ரம்பம் உடலை ஊடுருவிப்போன பிறகு அவர் அந்தப் பெண்ணை எழுப்பப் பார்த்தார்; அவள் அசையவில்லை. முகத்தைத் துணியால் மூடினார். நேரம் முடிந்தது என்று தொகுப்பாளர் நிகழ்ச்சியை முடித்துவிட்டார். பெண் செத்துவிட்டாள் என்று பதறிப்போய் மக்கள் பிபிசிக்குத் தொலைபேசியில் அழைத்துக்கொண்டே இருந்தார்கள். அது நேரடி ஒளிபரப்பு. அங்கே உண்மையாகவே ஓர் உடம்பு கிடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ரம்பம் பழையதுதான். எந்த இடத்தில் நிறுத்துவது என்று தீர்மானித்ததுதான் புதிது.

இனி இந்தக் கடிதத்தின் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தந்திரக் காட்சிகள் குறைந்ததற்கு எல்.இ.டி. திரை காரணமில்லை. அவற்றை நிகழ்த்தவே முடியாத மேடைகளை ஊர் ஊராகக் கட்டிக்கொண்டிருக்கிறோம். அதுதான் காரணம்.

கோயில் திடல்களிலும் பள்ளி வளாகங்களிலும் தொகுதி மேம்பாட்டு நிதியிலும் நன்கொடையிலும் எழும்பும் கலையரங்கங்களைப் பாருங்கள். மூன்று பக்கமும் அடைத்த கான்கிரீட் சுவர், மேலே தட்டையான தளம், கீழே பளபளக்கும் டைல்ஸ். பக்கவாட்டில் ஓர் ஆள் ஒருக்களித்து நிற்கும் அளவுக்குத்தான் இடம். பின்சுவரில் கதவு கிடையாது. கூட்டம் நடத்தவும் பரிசு வழங்கவும் அது போதும். நாடகத்துக்குப் போதாது. மேலே சொன்ன நரசிம்மர் வேடத்தையே பாருங்கள். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம், பிடரிமயிர் எல்லாம் கட்டிக்கொண்டு வைகாசிப் புழுக்கத்தில் ஒருவர் இரவு முழுவதும் தூணுக்குள் நிற்க முடியுமா? கடைசி நேரத்தில் பின்பக்கமாக நுழைய வேண்டும். நுழையக் கதவில்லை என்றால் பின்சுவருக்கு முன்னால் இன்னொரு படுதா கட்டி ஆள் நடமாட வழி விட வேண்டும். ஏற்கெனவே ஆழமில்லாத மேடையில் அதற்கு மூன்றடி போய்விடும். மிச்ச இடத்தில் இரணியன் கதாயுதத்தை ஓங்குவதற்கே பயப்படுகிறார்.

மேடையின் அளவுக்கும் மாயத்துக்கும் உள்ள உறவை இன்னொரு காட்சியால் விளக்குகிறேன். இதன் ரகசியம் இயற்பியல் பாடத்தைச் சேர்ந்தது என்பதால் வெளியில் சொல்வதில் தவறில்லை. எல்லோருக்கும் தெரிந்த பழைய முறைகளைத் தவிர மற்ற காட்சிகளின் உட்பக்கத்தை நான் எழுத மாட்டேன்; அவை என்னோடு வேலை செய்பவர்களின் பிழைப்பு.

பாரதப்போர் முடிந்து வெகுகாலம் கழித்து, வியாசர் கங்கையிலிருந்து போரில் மாண்டவர்களை ஓர் இரவுக்கு மட்டும் எழுப்பிக் காட்டுகிறார். ஆசிரமவாசிக பருவத்தில் வரும் இடம் இது. பதினெட்டு நாள் பாரதக் கூத்து படுகளத்தோடும் தீமிதியோடும் முடிந்துவிடுவதால் எங்கள் ஊர்களில் இதைக் காண்பது அரிது. கிருஷ்ணகிரியில் ஒரு கல்லூரி மாணவர் குழு இதை நாடகமாக்கி, குந்தி கர்ணனைக் காணும் காட்சியை என்னிடம் கொடுத்தது. உயிரோடிருந்தபோது ஊரறிய மகனே என்று அழைக்க முடியாத தாய், இப்போது அவன் கன்னத்தைத் தொடப் போகிறாள். கை அவனுக்குள் நுழைந்து போக வேண்டும்.

இதற்கான வழி 1862-லிருந்து உலகத்துக்குத் தெரியும். இரவுப் பேருந்தின் ஜன்னல் கண்ணாடியில் வெளியே போகும் மரமும் நம் முகமும் ஒன்றாகத் தெரியுமே, அதே விதிதான். மேடைக்குக் குறுக்கே நாற்பத்தைந்து பாகைச் சாய்வில் ஒரு தெளிந்த கண்ணாடியை நிறுத்த வேண்டும். கர்ணனாக நடிப்பவர் சபைக்குத் தெரியாமல் பக்கவாட்டில் கருப்புத் துணிக்கு முன்னால் நிற்பார். அவர்மீது விளக்கு விழும்போது அவருடைய பிம்பம் குந்தியின் அருகில் நிற்கும். விளக்கைக் குறைத்தால் கரைந்துபோகும். ஹென்றி டர்க்ஸ் என்ற பொறியாளர் இதை முதலில் யோசித்தார். ஆனால் அவர் சொன்னபடி செய்ய நாடகக் கொட்டகையையே புதிதாகக் கட்ட வேண்டியிருந்ததால் யாரும் முன்வரவில்லை. லண்டன் ராயல் பாலிடெக்னிக் நிறுவனத்தின் ஜான் ஹென்றி பெப்பர் அதை இருக்கும் அரங்குகளுக்குள் அடங்கும்படி மாற்றியமைத்தார். 1862 டிசம்பர் 24 அன்று இந்தக் கண்ணாடிப் பிம்பம் ஒரு பேயாக மேடைக்கு வந்தது. பெப்பரின் பெயரும் அதோடு ஒட்டிக்கொண்டது. கட்டடம் இடம் கொடுக்காவிட்டால் நல்ல யோசனையும் காகிதத்திலேயே கிடக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

கண்ணாடிக்கு முன்னால் ஒருவர் எத்தனை அடி தள்ளி நிற்கிறாரோ, அத்தனை அடி பின்னால்தான் அவர் பிம்பம் தெரியும். இதை யாராலும் மாற்ற முடியாது. குந்தி கண்ணாடிக்குப் பின்னால் எட்டடியில் நிற்கிறாள் என்றால் கர்ணனும் பக்கவாட்டில் எட்டடி தள்ளி நிற்க வேண்டும். அவருக்குப் பின்னால் கருப்புத் துணிக்கும், விளக்குக்கும், விளக்கைப் பிடிக்கும் ஆளுக்கும் இடம் வேண்டும். அந்த மேடையில் பக்கவாட்டு இடம் மூன்றடிதான். கடைசியில் மேடைக்கு வெளியே சவுக்குக் கட்டையால் சாரம் கட்டி, கருப்புத் துணி போர்த்தி, அதன்மேல் கர்ணனை நிறுத்தினோம். காற்று வீசும்போதெல்லாம் இரண்டு மாணவர்கள் துணியின் முனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தக் காட்சியின் இயக்கத்தில் நான் அதிகம் பாடுபட்டது கண்ணாடியோடு இல்லை, நடிகர்களோடுதான். சபைக்கு இருவரும் அருகருகே தெரிவார்கள். மேடையில் குந்திக்குக் கர்ணன் தெரிய மாட்டான். கர்ணனுக்கு எதிரில் இருட்டைத் தவிர ஒன்றுமில்லை. வெறும் வெளியைப் பார்த்துத் தாய் அழ வேண்டும். வெறும் வெளிக்கு மகன் தலைகுனிய வேண்டும். பின்னால் இருக்கும் அட்டை மரத்தில் கர்ணனின் கண் வரும் உயரத்தில் ஒரு துண்டு கருப்பு டேப் ஒட்டி, குந்தியின் பார்வை அங்கேதான் நிலைக்க வேண்டும் என்று பழக்கினேன். கை நீட்டுவதும் தலை குனிவதும் ஒரே நொடியில் நடக்க, ஆதி தாளத்தில் எண்ணிக்கை வைத்துக்கொண்டோம். எட்டாவது அட்சரத்தில் கை கன்னத்துக்கு வரும். அடுத்த ஆவர்த்தனத்தில் விளக்கு தணியத் தொடங்கும். அணைக்கப் போன கைகள் தன்னைத்தானே கட்டிக்கொள்ளும். குந்தி கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதால் குரல் அடைபடும். அவளுக்குத் தனி மைக் வேண்டும். கண்ணாடிக்குப் பதிலாக எட்டடிக்கு நாலடி அக்ரிலிக் தகடுகளைச் சேர்த்தால் இணைப்புக் கோடு தெரியும். அந்தக் கோடு மரத்தின் விளிம்போடு ஒன்றிப்போகும்படி மரத்தை நகர்த்தி வைக்க வேண்டும். மழை பெய்த மறுநாள் என்றால் ஈசல் விளக்கைத் தேடிவந்து தகட்டில் மோதி, அங்கே தகடு இருப்பதை ஊருக்கே சொல்லிவிடும். அதற்காகத் திடலின் மறுகோடியில் ஒரு பெரிய விளக்கைப் பொழுது சாய்ந்ததுமே எரியவிட்டு ஈசலை அங்கே இழுத்து வைத்தோம். குந்தியின் கைகள் வெறுமையாக மூடிக்கொண்ட இடத்தில் முன்வரிசையில் இருந்த ஒரு தாய் வாய்விட்டு அழுதார். அந்த அழுகைக்காக எத்தனை சாரமும் கட்டலாம்.

நகரத்து அரங்குகளுக்கு எழுதப்பட்ட முறைகள் நமக்கு அப்படியே பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே எல்லோரும் நாற்காலியில் எதிரே உட்காருகிறார்கள். இங்கே முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் கண், நான்கடி உயர மேடைக்குக் கீழே இருக்கிறது. அவன் எதையும் அடியிலிருந்து பார்க்கிறான். இளைஞர்கள் சுற்றுச்சுவர்மேல் இருக்கிறார்கள். டிராக்டர் பெட்டியில் ஒரு குடும்பம், எதிர்வீட்டு மாடியில் இன்னொரு குடும்பம். நான் ஒத்திகையின்போது இந்த எல்லா இடங்களிலும் போய் உட்கார்ந்து பார்ப்பேன். மாடிக்கு ஏறிப் பார்க்காமல் எந்தக் காட்சிக்கும் சம்மதம் சொன்னதில்லை. தெருக்கூத்து இதைவிடக் கடினம்; அங்கே மூன்று பக்கமும் மக்கள். ஆனாலும் இரண்டு பேர் பிடிக்கும் ஒரு திரையை வைத்துக்கொண்டே வேடத்தின் வருகையை அவர்கள் எவ்வளவு பெரிதாக்கிவிடுகிறார்கள்! துகில் உரியும் கட்டத்தில் சேலை முடிவில்லாமல் நீள்வதைத் துணியைவிடத் துச்சாதனனின் தளர்ந்த கால்கள்தான் நம்பவைக்கின்றன. கற்பூரம் ஏற்றிக் கும்பிடும் பெண்கள் எத்தனை முழம் என்று எண்ணிக்கொண்டிருப்பதில்லை. நான் இயக்கத்தைக் கற்றதில் பாதி அந்தக் கூத்து வாத்தியார்களைப் பார்த்துத்தான்.

எல்.இ.டி. திரை பற்றித் தொழில்முறையில் ஒரு வார்த்தை. கருப்புத் திரைக்கு முன்னால் கருப்பு உடை அணிந்தவர் கண்ணுக்குத் தெரியாமல் பொருள்களைப் பறக்கவிடுவது பழைய முறை. பின்னால் திரை எரிந்துகொண்டிருந்தால் அவர் கரிய நிழலாக எல்லோருக்கும் தெரிவார். எனவே திரை வேண்டுமென்றால் தந்திரக் காட்சி வரும் நேரத்தில் அதை முழுதாக அணைக்க ஒப்புக்கொள்ள வேண்டும். "வாடகை கொடுத்துவிட்டு ஏன் அணைக்க வேண்டும்" என்று வாதாடும் குழுக்களை நான் அறிவேன். அணைத்தால் இரண்டும் வாழும்.

மேடை கட்டும் ஊர்ப் பெரியவர்களிடமும், வரைபடம் போடும் பொறியாளர்களிடமும் நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியமில்லை. பின்சுவரில் ஓரமாக ஒரு கதவு விடுங்கள். கிரீடத்தோடு குனியாமல் நுழையும் உயரத்தில் இருக்கட்டும். மேடையின் முகப்பு அகலத்தைக் கொஞ்சம் குறைத்தாலும் பரவாயில்லை, இரண்டு பக்கமும் பத்தடியாவது மறைவிடம் வையுங்கள். தளத்துக்குக் கம்பி கட்டும்போதே அதோடு சேர்த்து இரும்புக் கொக்கிகளைப் பிணைத்துவிடுங்கள். எவ்வளவு எடை தாங்கும் என்று பொறியாளர் சுவரிலேயே எழுதி வைக்கட்டும். கான்கிரீட் ஊற்றிய பிறகு துளைபோட்டுப் பொருத்தும் கொக்கியை நம்பி நான் ஒரு மனிதரைத் தொங்கவிட மாட்டேன். தரைக்கு டைல்ஸ் வேண்டாம். 1865-ல் லண்டன் எகிப்தியன் ஹாலில் மேசைமீது பேசும் தலையைக் காட்டியதிலிருந்து மேசைக்கால்களுக்கு நடுவே கண்ணாடி வைத்து ஆளின் உடலை மறைக்கும் முறை இருக்கிறது. கட்டம் போட்ட டைல்ஸ் தரையில் அந்தக் கண்ணாடியின் அடியில் கோடுகள் உடைந்து தெரியும். பளபளப்பில் மறைந்திருப்பவரின் காலும் தெரியும். மங்கலான சிமெண்டுத் தரை போதும். மேடையின் நடுவில் மூன்றடிச் சதுரத்தில் பலகையால் மூடிய ஒரு குழி விட்டால் இன்னும் நல்லது. மேடை விளக்குகளுக்கும் திடல் விளக்குகளுக்கும் தனித்தனிச் சுவிட்சு ஒரே இடத்தில், மேடையைப் பார்க்கும் கோணத்தில் இருக்க வேண்டும். எர்த் கம்பி கட்டாயம். இருட்டில் ஓடும் எங்கள் பிள்ளைகள் ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கிறார்கள்.

அந்தப் பிள்ளைகளைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது. பெட்டிக்குள் உடலைச் சுருக்கிக் கிடக்கும் பெண்ணும், தூணுக்குள் நிற்கும் நடிகரும்தான் மாயத்தின் முழுச் சுமையையும் சுமப்பவர்கள். நான் அமைக்கும் எதிலும் தாழ்ப்பாள் உள்ளிருந்து திறக்கும்படிதான் இருக்கும். காற்றுத் துளை சபைக்குத் தெரியாத பக்கத்தில் கட்டாயம் உண்டு. உள்ளே ஆள் இருக்கும்வரை வேறு எந்த வேலையும் செய்யாமல் அவரை மட்டும் கவனிக்க ஒருவர் டார்ச்சோடும் கத்தரிக்கோலோடும் நிற்பார். தீப்பந்தத்தில் குங்கிலியம் தூவிச் சுடர் எழுப்புவது கூத்தில் அழகான வழக்கம். துணி ஒட்டிய தூணுக்கு அருகில் அதை நான் அனுமதிப்பதில்லை. இது பிடிக்காமல் என்னைக் கூப்பிடாத குழுக்கள் உண்டு. கூப்பிடாவிட்டால் போகட்டும்.

நோட்டீஸில் ஒலி, ஒளி, பந்தல், அரிதாரம் என்று எல்லோர் பெயரையும் அச்சடிக்கிறார்கள். தந்திரக் காட்சி அமைத்தவர் பெயர் மட்டும் பெரும்பாலும் விடுபடுகிறது. நியூயார்க் நாடகங்களில் ஜிம் ஸ்டெய்ன்மேயர், லண்டன் நாடகங்களில் பால் கீவ் போன்றவர்களின் பெயர் இந்த வேலைக்கென்றே தனி வரியில் வருகிறது. நம் ஊர் நோட்டீஸிலும் ஒரு வரிக்கு இடம் இருக்கும். தச்சரும் கப்பி இழுப்பவரும் அந்த வரியில் சேர வேண்டும்.

எங்கள் ஊருக்கு அருகில் ஒரு கோயில் திடலில் இப்போது புதிய கலையரங்கம் எழும்பிக்கொண்டிருக்கிறது. சுவர் தோளுயரம் வந்துவிட்டது. பின்பக்கம் கதவுக்கு இடம் விடவில்லை. தளத்துக்கு இன்னும் சென்ட்ரிங் அடிக்கவில்லை. இன்றைக்குச் சொன்னாலும் பத்துச் செங்கல் வரிசையைப் பிரித்துக் கதவு வைத்துவிடலாம். கொக்கிகளையும் கம்பியோடு கட்டிவிடலாம். விழாக்குழுவினரிடம் நான் நேரில் போய்ச் சொல்லியிருக்கிறேன், "பார்க்கலாம்" என்றார்கள். அவர்கள் தங்கள் நாளிதழைத் தவறாமல் படிப்பவர்கள். தளம் ஊற்றுவதற்கு முன் இந்தக் கடிதத்தை வெளியிட்டால் உதவியாக இருக்கும். வேறு எந்த ஊரில் மேடை கட்டுவதாக இருந்தாலும் வரைபடம் போடும் முன்பு சொல்லி அனுப்பினால், அளவு டேப்பை எடுத்துக்கொண்டு நானே வருகிறேன். அதற்குக் கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
மேடைத் தந்திரக் காட்சி அமைப்பாளர் ஒருவர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.